வெறும் ரீலில் ஓர் இழுப்பு

பள்ளிபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் கறை போகவே போகாது. ஞாயிறுதோறும் வாசலில் செய்தித்தாளை விரித்து, பழைய தூண்டில் ரீல் ஒன்றைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டுவார். அவர் மீன்பிடிக்கப் போய் நான் பார்த்ததில்லை.

“ஆத்துக்குப் போறதில்லீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்ற தம்பியோடதுங்க. காவேரில மீன் புடிக்கப் போனவன் தண்ணியோட போயிட்டான். இது மட்டும் கரையில கெடந்துச்சு. துருப்புடிக்க உட மனசு வரலீங்க,” என்றவர், “சுத்திப் பாருங்க,” என்று நீட்டினார்.

தூண்டில் நரம்பு சுற்றாத வெறும் ரீல். கைப்பிடியைச் சுற்றினேன். சீராகச் சுழன்றது. நடுவில், மீன் கவ்வியதுபோல் சட்டென்று இழுத்துப் பிடித்து, பிறகு விட்டது.

“பல்சக்கரம் தேஞ்சிருக்குங்க,” என்றேன்.

“போன வாரந்தானுங்க புதுசு போட்டேன். உங்க கையிலயும் இழுத்துச்சுங்களா?” என்றார்.

அவர் முகத்தில் பயமே இல்லை. நிம்மதிதான் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.