நாற்பது நாடு பார்த்தவரோடு ஏழு நாள்

என் கணவர் முப்பது வருடம் கப்பலில் பிட்டராக இருந்தவர். இன்ஜின் அறையில் பம்பையும் பைப்பையும் கழற்றி மாட்டுகிற வேலை. நாற்பது நாடு பார்த்தவர் என்று தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அவருக்குத் தனி மரியாதை. அந்த முப்பது வருடமும் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டில் குசினிக்காரி, தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு நிற்கிற முதல் ஆள். இவர் ஊர் ஊராகச் சுற்றுகிறார், நான் இங்கே சட்டி கழுவிக்கொண்டிருக்கிறேன் என்ற ஆத்திரம் எனக்குள் அணையாமலே கிடந்தது. அதை நான் மறைத்ததும் இல்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு மகள் எங்களை ஒரு வாரம் வெளிநாடு அனுப்புவதாகச் சொன்னாள். எந்த நாடு என்று கேட்டதும் நான் யோசிக்காமல் சிங்கப்பூர் என்றேன். லீவில் வரும்போதெல்லாம் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து இவர் அதிகமாகச் சொன்னது அந்த ஊர்க் கதையைத்தான். பறவைப் பூங்கா, ஆர்க்கிட் தோட்டம், தேக்கா சந்தையில் இடியாப்பம். என்னை விட்டுவிட்டு இவர் அனுபவித்ததையெல்லாம் ஒன்று விடாமல் நானும் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“வழிகாட்டி எதுக்கு? கண்ணக் கட்டி விட்டாலும் அந்த ஊர்ல நான் நடப்பேன்” என்றார். மகள் ஏற்பாடு செய்திருந்த டூர் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

முதல் நாள் ரயில் நிலையத்திலேயே எனக்கு உறுத்தியது. எல்லாரும் கார்டை ஓரிடத்தில் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். இவர் மட்டும் கதவைக் கையால் தள்ளிக்கொண்டு நிற்கிறார். பின்னால் நின்ற சீனத்து அம்மா ஒருவர் இவர் கையைப் பிடித்துக் கார்டை வைக்கவேண்டிய இடத்தில் வைத்தார். “முன்னாடி இதெல்லாம் கிடையாது. எல்லாத்தையும் மாத்திட்டானுவ” என்றார் இவர் என்னிடம். இரண்டாம் நாள் பறவைப் பூங்காவைத் தேடிப் போனோம். அதை எப்போதோ வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். “பாத்தியா, சொன்னேம்லா” என்று அதற்கும் ஒரு வெற்றிச் சிரிப்பு.

மூன்றாம் நாள் தேக்கா. “இந்தா, அந்த முக்கு திரும்புனா வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வெயில் நம்ம ஊர் உப்பளத்து வெயிலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஒரே பெட்ரோல் பங்க்கை மூன்று தடவை பார்த்துவிட்டோம். கணுக்கால் வீங்கி, செருப்பு கடித்து, நான் ஒரு பூக்கடை முன்னால் நின்றுவிட்டேன். மாலை கட்டிக்கொண்டிருந்தவரிடம் தமிழிலேயே வழி கேட்டேன். “எதிர்லதாம்மா இருக்கு, ரோட்டத் தாண்டுங்க” என்றார். நாங்கள் அதைத்தான் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறோம்.

சந்தைக்குள் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. “நீங்க எப்பவும் இடியாப்பம் சாப்பிடுத கடை எது?” என்று கேட்டேன். அவர் கண் எல்லாப் பலகையிலும் ஓடியது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் முழிக்கிற முழி தெரியாதா?

“உள்ளதச் சொல்லுங்க” என்றேன்.

அவர் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தார். “ஏளா, நான் இந்த ஊர்ல ஒண்ணும் பாக்கல.”

“மத்த ஊரு?”

“நாப்பதும் இன்ஜின் ரூம்தாம்ளா. கப்பல் நின்னாத்தான இன்ஜின் நிக்கும்? இன்ஜின் நின்னாத்தான் எங்களுக்கு வேலையே. மத்தவன்லாம் கரைக்குப் போவான், நாங்க கழத்தி மாட்டிக்கிட்டுக் கிடப்போம்.”

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன், தட்டு இன்னும் வரவில்லை. முப்பது வருடம் என்னை மடச்சி ஆக்கியிருக்கிறாரே. “அப்ப அந்தக் கதையெல்லாம்?”

“வீட்டுக்கு வந்தா பிள்ளையெல்லாம் சுத்தி உக்காந்து, அப்பா என்ன பாத்தீயன்னு கேக்கும். பம்பப் பாத்தேன்னா சொல்ல முடியும்? ஹார்பர் வாசல்ல கப்பக்காரங்களுக்குன்னு ஒரு கிளப் உண்டு. அங்கன மேசையில டூரிஸ்ட் நோட்டீஸ் கிடக்கும். அதப் படிச்சுத்தான் சொன்னேன்.”

“அந்த கிளப்புக்குப் போக மட்டும் நேரம் இருந்துச்சாக்கும்?”

“ரெண்டு மணி நேரம் விடுவான். அங்கனதான் போன் இருக்கும். வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். உங்கிட்டப் பேசிட்டு ஓடத்தான் சரியா இருக்கும்.”

அந்தப் போன் மணி எனக்கு ஞாபகம் இருக்கிறது. எடுத்தவுடன் நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. “நீங்க நல்லாச் சுத்துங்க. நான் இங்க தண்ணிக்கு நிக்கேன்.” ஒவ்வொரு தடவையும் அங்கேதான் ஆரம்பிப்பேன். அவர் வரிசையில் நின்ற நேரமெல்லாம் அதைக் கேட்கத்தான் போயிருக்கிறது. இடியாப்பம் வந்தது. தேங்காய்ப் பாலை அவர் தட்டில் நானே ஊற்றினேன்.

மறுநாளிலிருந்து இரண்டு பேருமே ஊருக்குப் புதுசு. அதைப் போல ஒரு சந்தோஷம் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அனுபவித்ததில்லை. வரைபடம் என் கையில். மாடி பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்து, எங்கே போகிறது என்றே கேட்காமல் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். கலர் கலரான ரொட்டிக்குள் ஐஸ்கிரீமை வைத்துத் தருகிறார்கள். அது உருகி அவர் சட்டையெல்லாம் வழிந்து, நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். ஆர்க்கிட் தோட்டத்தில் ஒவ்வொரு பூவுக்கும் முன்னால் நின்று, “நோட்டீஸ்ல இவ்வளவு நல்லா இல்லளா” என்றார்.

கடைசி நாள் துறைமுகத்துக்கு மேலே போகிற கேபிள் காரில் ஏறினோம். கீழே கடலும் கப்பல்களும் தெரிந்ததும் இவர் எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் குரலில் சந்தேகமே இல்லை. “அந்தா, அங்கனதான் எங்க கப்பல் நிக்கும். வேர்வை காய மேல வந்தா, இந்தப் பெட்டியெல்லாம் ஒண்ணொண்ணாப் போகும். உள்ள உக்காந்திருக்கது யாருன்னு பாத்துக்கிட்டு நிப்பேன்.”

நான் பக்கத்தில் போய் நின்றேன். “போன்ல நீங்க என்னதான் சொல்ல வருவிய?”

“என்னத்தச் சொல்ல? சாப்பிட்டியான்னு கேக்கணும்னு நெனப்பேன். நீ சண்டைய முடிக்கதுக்குள்ள போன் கார்டுல காசு தீந்துரும்.”

“இப்பக் கேளுங்க.”

அவர் சிரித்தார். பிறகு வெட்கத்தோடு கேட்டார். “சாப்பிட்டியாளா?”

“சாப்பிட்டேன்” என்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கீழே ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஆரஞ்சு உடுப்போடு ஒருவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் இரண்டு பேரும் அவனுக்குக் கை காட்டினோம். அவனும் காட்டினான்.