மங்குஸ்தீன் கறை

இது நடந்த கதை. பத்து ஃபிரிங்கி என்கிற தீவுக் கடற்கரையில், ஒரு ரிசார்ட்டில், பட்டப்பகலில் நடந்தது. பிரமிளா இதைக் கணவனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பேயை நினைத்தால் வருகிற பயத்தைவிட, தான் செய்ததை நினைத்தால் வருகிற கூச்சம் அதிகம்.

மங்குஸ்தீன் பழத்தை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று கதவிலேயே போட்டிருந்தது. அதன் தோலின் சிவப்புச் சாறு துணியில் பட்டால் போகாது. கணவன் கோகுலனும் பிள்ளைகளும் கடலில் குளிக்கப் போயிருந்தார்கள். பையில் ஒளித்துக் கொண்டுவந்த பழங்களைப் பிரமிளா கட்டிலில் உட்கார்ந்து உரித்தாள். வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஈரத்துண்டால் தேய்த்தாள். இன்னும் பரவியது.

கதவு தட்டப்பட்டது. அறை சுத்தம் செய்கிற எவ்லின்.

"நாங்க வந்தப்பவே இப்படித்தான்க்கா இருந்துச்சு." எவ்லின் எதுவும் கேட்கும் முன்பே பிரமிளா சொல்லிவிட்டாள்.

எவ்லின் கறையைப் பார்த்தாள். குப்பைக்கூடையில் கிடந்த தோலைப் பார்த்தாள். "காலையில நான்தான்மா விரிச்சேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் தயாளன் உள்ளே எட்டிப் பார்த்தான். எவ்லினிடம் பாய்ந்தான்.

"என்னக்கா நீங்க? கண்ணை வீட்டுலயே வச்சிட்டு வந்தீங்களா? போன வாரம்தான் மேனேஜர் கடைசி வார்னிங் கொடுத்தாரு. இன்னொரு கம்ப்ளேன் போனா வேலை அவ்வளவுதான்லா."

பிரமிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எவ்லின் புது விரிப்பைப் போட்டாள். ஓரங்களைச் செருகினாள். போகும்போது, "வேற ஏதாச்சும் வேணுமாம்மா?" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து சத்தம்.

சரக்... சரக்...

யாரோ துணி தேய்க்கிறார்கள்.

பிரமிளா எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. குளியல் தொட்டியில் மட்டும் சிவப்பாகத் தண்ணீர்.

திரும்பினாள். புது விரிப்பில் ஒரு பள்ளம். யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல.

அப்புறம் ஒரு பெண் குரல். காதுக்குப் பக்கத்தில்.

"மன்னிச்சிருங்கக்கா... நான்தான்..."

அழுகிற குரல். கேட்ட குரல்தான். யாருடையது என்று பிடிபடவில்லை.

செருப்புப் போடாமல் ஓடினாள்.

கீழே கவுண்டரில் தயாளன் நின்றிருந்தான். பக்கத்தில் எவ்லின், கண் கலங்கி. தொலைபேசி ரிசீவர் மேசையில் கிடந்தது.

"இப்பதானே ரூம்லேர்ந்து பேசிக்கிட்டு இருந்தீங்க," என்றான் தயாளன். "அதுக்குள்ள வந்துட்டீங்க?"

எவ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்மா. என் வேலை தப்பிச்சிருச்சு. அதுக்குன்னு இப்படியா அழறது?"

பிரமிளா ரிசீவரை எடுத்தாள்.

அதே அழுகை. கைப்பேசியில் பதிந்த தன் பேச்சைக் கேட்டால் வேற்றாள் போலத் தெரியுமே... அந்தக் குரல்.

பிரமிளாவின் குரல்.

அழுகை நின்றது. ரிசீவருக்குள் அந்தக் குரல் கேட்டது:

"அவ இறங்கி வந்துட்டாளா?"

ரிசீவரை வைத்தாள். பேசியது நான் இல்லை என்று எவ்லினிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தான் கேட்காத மன்னிப்பை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். அவள் அறைக்குத் திரும்பவில்லை. சாமான்களைக் கோகுலனே எடுத்து வந்தான். காரில், தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தில் பாதி தூரம் போனபோது அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் தயாளன்.

"அண்ணே... ரூம்ல யாரையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா? உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. எவ்லின் அக்கா தட்டினா, ஒருத்தவங்க அழறாங்க..."

கோகுலன் பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"எல்லாரும் வந்துட்டோம்னு சொல்லுங்க," என்றாள் பிரமிளா.