விரிப்பின் இன்னொரு முனை

தொண்ணூறு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் சேர்கிறவர் தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம், மருத்துவக் காப்பீடும் உண்டு. அதற்குள் மூன்று முறை தாமதமோ விடுப்போ ஆனால் வீட்டுக்குப் போகலாம்.

வெர்லீன் அரசு உதவித்தொகையை விட்டு வேலைக்கு வந்தவள். ஏழு வயது மகள் ஷனீஸுக்கு மூச்சிரைப்பு. அரசு மருத்துவ அட்டை காலாவதியாகப்போகிறது. காப்பீடு கிடைத்தே ஆக வேண்டும். பனியில் பஸ் வராததால் ஏற்கெனவே இரண்டு தாமதம் விழுந்துவிட்டது.

எண்பத்தெட்டாம் நாள் மாலை உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு, வேலையில் இருப்பதை நிரூபிக்க வேண்டும். தவறினால், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அவர்கள் தரும் குழந்தைக் காப்பக உதவி ரத்து. விதியை எழுதியவர்கள் பஸ்ஸில் போகிறவர்கள் அல்ல.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சலவைக்கூடத்துச் சுவர் ஃபோனில் அந்த அலுவலக அதிகாரி பாவ்லிக்கைப் பிடித்தாள் வெர்லீன்.

"வேலை பாக்கறேன்னு காட்ட, வேலைக்கு மட்டம் போடணுமா மேடம்?"

"விதி அப்படிம்மா. நேர்ல பாத்துதான் நான் கையெழுத்துப் போடணும்."

"நான்தான் அங்க வரணும்னு எழுதியிருக்கா?"

காகிதம் புரளும் சத்தம். "அப்படி... எழுதல."

"அப்ப நீங்க வாங்க. பத்து மணிக்கு இங்கதான் இருப்பேன்."

பக்கத்தில் நின்ற ஒசெல்லா வாயைப் பிளந்தாள். இருபது வருடமாக அங்கே துணி மடிப்பவள். "அடியே, ஆபீசரையே விருந்துக்குக் கூப்பிட்டுட்டியா! கோழி வறுத்து எடுத்தாரட்டுமா?"

தொண்ணூறாம் நாள் பத்து மணிக்குப் பாவ்லிக் வந்து நின்றார், கோட்டும் கோப்புமாக. உள்ளே இருந்த சூட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. வெர்லீனின் கை நிற்கவில்லை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும்.

"சும்மா நிக்காதீங்க மேடம், அந்த முனையப் புடிங்க," என்றாள் ஒசெல்லா.

பிடித்தார். ஆறு விரிப்பு முடிந்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"இப்ப நம்பறீங்களா?" என்றாள் வெர்லீன்.

"என் முதுகே சாட்சி சொல்லுது."

சூடான விரிப்புக் குவியலின் மேலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வெர்லீன் வருகை அட்டையை இயந்திரத்தில் பதித்ததும், ஒசெல்லா துணி வண்டியோடு ஒரு சுற்று ஆடினாள்.

வெர்லீன் சேர்ந்த அதே வாரம் உதவித்தொகையை விட்டு அங்கே வந்தவர்கள், அவளையும் சேர்த்துப் பதினான்கு பேர். தொண்ணூறாம் நாளைப் பார்த்தவர்கள்: ஐந்து.