கட்டிலை விட்டு இறங்க மறுத்த அண்ணர்

புன்னாலைக்கட்டுவனில் மூத்த பிள்ளையாகப் பிறந்த எங்கள் அண்ணர், ஐயா காலமான பின் எங்கள் எல்லாரையும் கரைசேர்த்தவர். சண்டைக்காலத்தில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, பொலிதேயாமாப் பகுதியில், சின்யோர் என்று மரியாதையாக அழைக்கப்பட்ட இத்தாலிய முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். வதிவிட அனுமதியான பெர்மெசோ அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சின்யோர் இந்நாட்டின் கதையை அண்ணருக்குச் சொல்வாராம். முன்னர் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நோய்க்காப்புச் சங்கம் இருந்ததாம். தொழில் இல்லாதவன் தரும வைத்தியத்துக்குக் கையேந்த வேண்டுமாம். பிறகு அத்தனை சங்கங்களையும் கலைத்து, எல்லாருக்கும் ஒரே வைத்தியம் என்று சட்டம் செய்தார்களாம். இதை அண்ணர் அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் சேர்ந்திருந்த வீட்டில் புராணம் படிப்பதுபோலச் சொல்வார்.

"எல்லாருக்கும் எண்டால் எங்களுக்குமோ?" என்று அவர் மனைவியான என் மச்சாள் கேட்டா.

"அது ஆர் சொன்னது? நான் கதையெல்லோ சொல்லுறன்" என்றார்.

அந்த மாரியில் அவருக்கு வயிற்றுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்தால் பொலிஸ் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடும் என்று பயந்து, வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

மச்சாள் சொன்னா: "உயிரோடை அனுப்பினால் நானும் பின்னாலை வருவன். பிணமாய் அனுப்பினால் என்ன செய்யிறது? எழும்புங்கோ."

குடல்வால் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே அறுத்துக் காப்பாற்றினார்கள்.

சுகமானதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒருவரும் காசு கேட்கவில்லை. அண்ணருக்கு அதுதான் பெரிய பயம். சும்மா விடுகிறார்கள் என்றால் வாசலில் பொலிஸ் நிற்கிறது என்று எண்ணி, சேட்டு மாட்டிக்கொண்டு கட்டிலிலேயே இருந்துவிட்டார்.

"சின்யோரே, கட்டில் அவ்வளவு பிடிச்சுப் போச்சோ?" என்று தாதி கேட்டாவாம்.

"வெளியிலை பொலிஸ்?"

"உங்களைக் காட்டிக்குடுக்க எங்களுக்குச் சட்டம் விடாது. கடதாசி இல்லாட்டிலும் நோய் நோய்தானே."

மச்சாள் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தா. "அங்கை ஒரு கச்சான்கடலைக்காரன்தான் நிக்கிறான். அவனுக்குப் பயமெண்டால் இருங்கோ."

பின்னர் பெர்மெசோ கிடைத்தது. நோயை மறைத்துக்கொண்டு ஒளிந்திருக்கும் எங்கள் சனங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அண்ணரின் தொண்டாயிற்று. பின்வாங்குபவரிடம் வயிற்றுத் தழும்பைக் காட்டி, "என்னை ஆரும் பிடிச்சவையோ?" என்று கேட்பார்.

இதயம் தளர்ந்த கடைசிக் காலத்தில் தாதியர் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். ஒருநாள் அண்ணர் என்னிடம், "தங்கச்சி, ஆருக்கு நன்றி சொல்லுறதெண்டு யோசிக்கிறன். ஒரு முகமும் வருகுதில்லை" என்றார்.

வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அண்ணர் மறைந்த துயரில் சோறு சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. அண்ணர் தேடிய முகங்களை நானும் எண்ணிப் பார்க்கிறேன். சந்தையில் மீன் விற்பவர், மொண்டெல்லோ உணவகங்களில் கோப்பை கழுவுபவர், நாங்கள் வீடு துடைத்த சின்யோராக்கள். இவர்கள் எல்லாரும் கட்டிய வரியில்தான் அண்ணர் அன்று பிழைத்தார், பேரப்பிள்ளைகளைக் கண்டார். அவரை அவர்கள் அறியமாட்டார்கள்.

அண்ணரும் பிறகு வரி கட்டினார். அதனால் அவர் அறியாத யாரோ ஒருவர் இந்த ஊரில் பிழைத்திருப்பார். அவருடைய குடும்பத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

— தங்கை