மணப்பெண்ணுக்குத் தெரியாத கல்யாணம்

அறுபது வயது நெருங்க நெருங்க என் கணவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவர். கோத்தா திங்கியைத் தாண்டி, மெர்சிங் போகும் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சில டுரியான் மரங்கள், கொஞ்சம் ரம்புத்தான், மீதியெல்லாம் ஆளுயர லாலாங் புல். பிறந்தநாளுக்குள் அங்கே மீன் குளம் வெட்ட வேண்டும், குடிசையை ஒட்டி ஒரு கழிவறை கட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சனிக்கிழமை விடிந்தால் போதும், ஜொகூர் பாருவிலிருந்து காரைக் கிளப்பிவிடுவார். சோற்றுப் பாத்திரத்தோடு நானும் பின்னாலேயே போவேன்.

குளமும் முடிந்தது, கழிவறையும் முடிந்தது. பிறகு ஒரு கொட்டகை எழும்பியது. மேலே தகரக் கூரை, கீழே ஓரடி உயரத்துக்குச் சிமெண்டு மேடை. இது எதற்கு என்று கேட்டேன். கார் நிறுத்த என்றார். கார் எப்படி மேடை ஏறும் என்று கேட்டதற்கு, மழைத் தண்ணீர் வராமல் இருக்கத்தான் உயரம், சரிவு பிறகு வைப்பேன் என்று சமாளித்தார். நான் பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசை வேலை பார்க்கிறவள். தினமும் பல் துலக்குகிறேன் என்று பொய் சொல்கிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன்.

பிறந்தநாளுக்கு முந்தைய மாதம் ஒரு சனிக்கிழமை. நான் கழிவறைச் சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் காரில் வந்து இறங்கினாள். கூடவே எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் குருக்கள். இவர் எதற்கு இந்தக் காட்டுக்கு வருகிறார் என்று யோசிப்பதற்குள் குருக்கள் கொட்டகை மேல் ஏறி, கிழக்கு எது என்று பார்த்து, ஓமகுண்டம் வைக்கும் இடத்தைக் கால் நுனியால் கோடு போட்டுக் காட்டினார். பிறகு, சாயக் கையோடு நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, மாலை மாத்தும்போது நீங்க இந்தப் பக்கம் நிக்கணும். தாலி கட்டும்போது கிழக்கப் பார்த்து உக்காரணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். குருக்கள் என் மகளைப் பார்த்தார். மகள் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மீன் குளத்தைப் பார்த்தார்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அறுபதாம் கல்யாணமாம். அதுவும் சர்ப்ரைஸாம். சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, நாதஸ்வரக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் லீவு போட்டாகிவிட்டது. அளவுக்கு என்று மகள் போன மாதம் என்னிடமிருந்து வாங்கிப் போன ரவிக்கை, கல்யாணப் புடவைக்குப் புது ரவிக்கை தைக்கத்தான் போயிருக்கிறது. இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நான் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாத ஓரகத்திகூட இருக்கிறாள். நான் இல்லை. ஊர் முழுக்கத் தெரியும், தாலி ஏறப்போகிற கழுத்துக்கு மட்டும் தெரியாது!

"எனக்கு வேணாம்," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது வெளியே வந்து விழுந்ததும் மற்றவர்களைவிட நான்தான் அதிகமாக அதிர்ந்து போனேன். மகள் முதலில் சிரித்தாள். "அலாமாக், அம்மா, விளையாடாதீங்கலா," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. குருக்கள் நாகரிகமான மனிதர், குளத்தில் என்ன மீன் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்தார். சற்று நேரத்தில் மகள் கண்ணைத் துடைத்துவிட்டு, குருக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

நாங்கள் இருவரும் மிச்சம். அவர் மேடைக்குத் தரை ஓடு பதிக்க உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்ற கல்யாணத்துக்கு ஓடு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதும் நானும் அந்தத் தகரக் கூரைக்கடியில் போய் ஒதுங்க வேண்டியதாயிற்று. மனதில் இருந்ததை அங்கேயே கொட்டினேன். அன்றைக்கு நம் கல்யாணத்துக்கும் என்னை யாரும் கேட்கவில்லை; அப்பா தேதி குறித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார், அம்மா என்னிடம் சொன்னாள். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அதே கதையா? நீங்களாவது பெண் பார்க்க வந்தீர்கள், பிடித்திருக்கிறது என்று சொன்னீர்கள், எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை என்றேன். எந்தச் சண்டையிலும் நான் கடைசியில் எடுக்கும் ஆயுதம் அது. பார்த்த உடனே பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர் நீங்கள்தானே என்று சொல்லிவிட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அன்றைக்குத் திறந்தார்.

"என்னையும் யாரும் கேக்கலம்மா."

ஓட்டைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் இரண்டு அப்பாக்களும் பேசி முடித்துவிட்டார்களாம். பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னதாக எங்கள் வீட்டில் சொன்னது அவருடைய பெரியப்பாவின் கைவரிசையாம்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடமாக என்னை ஒருவர் பார்த்தார், பிடித்துப்போய்க் கேட்டு வாங்கினார் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு படுத்த நாளில்கூட அந்த நினைப்பு ஒரு ஓரத்தில் எனக்குத் தெம்பாக இருந்தது. அது இல்லை என்றதும் நெஞ்சுக்குள் என்னவோ அறுந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ அதைச் சொல்லும்போதெல்லாம் உன் முகம் நன்றாக இருக்கும், எப்படிக் கெடுப்பது என்றார்.

மழைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"சரி, இப்பக் கேக்கிறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

உடனே தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஆட்டவில்லை. கையிலிருந்த சிமெண்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கூடவே தின்று, கூடவே தூங்கி, கூடவே கிழவனாகிக்கொண்டிருக்கும் ஒரு மனுஷன், வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

"கட்டிக்குவேன்," என்றார். "உன்னைத்தான் கட்டிக்குவேன். ஆனா உனக்கு வேணாம்னா வேணாம். எல்லாருக்கும் நானே ஃபோன் போட்டுச் சொல்லிடுறேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ சொல்லு. கட்டிக்கிறியா?" என்றார்.

நானும் யோசித்தேன். பழிக்குப் பழி வாங்குவதற்காக இல்லை. யோசிக்க அவகாசம் கிடைத்ததே எனக்குப் புதிதாக இருந்தது. அவருடைய குறட்டை, பிடிவாதம், நான் மருத்துவமனையில் கிடந்தபோது நாற்காலியிலேயே தூங்கியது, காரணமில்லாமல் பாத்திரம் கழுவி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் வந்து போயின. அவர் அவசரப்படுத்தவில்லை.

"சரி," என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அவர்களுக்குக் கல்யாணமும் செய்து வைத்த பிறகு, அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று நான் வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.