சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

என் நாத்தனார் பேசுவதை வீட்டுக்கு எடுத்துச் சொல்லும் வேலை என்னுடையது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கணவரின் அக்காவுக்குக் குரல் கிடையாது, காற்றுதான் வரும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அடுத்த அறைக்குப் போகாது. கீழ்க்கதவைச் சாத்த வேண்டும் என்று அவர் என் காதில் சொன்னால், நான் மாடிப்படியில் நின்று கத்துவேன். எனக்கு எட்டு வீட்டுக்குக் கேட்கிற தொண்டை. ஆண்டவன் கணக்குப் பார்த்துத்தான் என்னை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டான் என்று மாமனார் சொல்வார்.

நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறார். தனக்குக் கல்யாணமான புதிதில் அந்த அலுவலகத்தின் ஆண்டு விழாவில் ஒரு பாட்டுப் பாடினாராம். மைக் செட்காரர் அதைப் பதிவு செய்து சிடியாகக் கொடுத்தார். அப்போது வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை. வாங்கலாம் என்று இருந்தபோது கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போனது. சிடி துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. மகள் அதற்கப்புறம் பிறந்தவள். அவளைக் கொஞ்சியதும் திட்டியதும் தூங்க வைத்ததும் எல்லாம் அந்தக் காற்றுதான்.

விழாவில் எல்லோரும் பிரமாதம் என்றார்களாம். அண்ணிக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"முதலாளியோட சம்சாரம் பாடினப்பவும் பிரமாதம்னுதான் சொன்னாங்க. எனக்கும் சும்மா சொன்னாங்களோ என்னவோ" என்பார். தன் பாட்டைத் தானே ஒரு தடவைகூடக் கேட்காதவருக்கு அந்தச் சந்தேகம் முள்ளாக உள்ளேயே கிடந்தது.

அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு கணினி இந்த வருஷம் அண்ணியோடு வீட்டுக்கு வந்தது. பழைய பெட்டிக்கு இதுதான் தாங்கும் என்று அங்கே கணினி பார்ப்பவர் அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் சிடி போடும் தட்டு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார்.

சிடியைப் போட்டதும் அதைத் திறக்க முடியவில்லை என்று திரையில் ஒரு செய்தி வந்தது. உள்ளே கோப்பு ஒன்றுகூடக் காட்டவில்லை. காலமெல்லாம் கோப்போடு கோப்பாக வாழ்ந்தவர் அண்ணி. கோப்பு இல்லை என்றால் அவருக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் பொருள். பதிவே ஆகவில்லை என்று சொல்லிச் சிடியைக் குப்பைக்கூடையில் போட்டார். நான் பாய்ந்து எடுத்தேன். எடுத்த கையோடு நாலு வார்த்தை திட்டவும் செய்தேன்.

லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஒரு இணையதளத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அண்ணி எழுதியதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். "மேற்படி சிடியை மேற்படி கணினியில் இட்டபோது" என்று நீதிமன்ற மனுவே தட்டியிருந்தார். ஆனால் பதில் வந்தது. பேர் தெரியாது, ஊர் தெரியாது, யாரோ ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். பாட்டு சிடியில் கோப்பு என்று எதுவும் இருக்காதாம். முழுப் பாட்டும் ஒரே நீளக் கோடாகச் சுருண்டு கிடக்குமாம். ஒரு சின்ன ஒளி அதைத் தொடாமலே தடவிப் படிக்குமாம். கோப்புறை போலத் திறக்காமல், பாட்டு ஓட்டும் மென்பொருளில் போடச் சொன்னார். நான் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது. இந்த மினுமினுப்புக்குள் ஒரு மனுஷியின் மூச்சு இருக்கிறதா என்று மலைப்பாக இருந்தது.

போட்டோம். சிடி சுழன்றது, திரையில் நொடிகள் ஓடின, சத்தம் மட்டும் வரவில்லை. கணினியின் மற்ற சத்தங்களெல்லாம் ஸ்பீக்கரில் ஒழுங்காக வந்தன. எனக்குப் பொறுமை கிடையாது; கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகுவேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். அவர் வழி வேறு. ஒன்றை மட்டும் மாற்றுவார், பாட்டு நேரம் முடியும்வரை காது கொடுத்து உட்கார்ந்திருப்பார், பிறகு அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். தட்டச்சில் பிழை தேடுகிறவரின் புத்தி அது. ஒவ்வொரு தடவையும் நொடிகள் ஓடி முடிந்தன. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

இரண்டாவது மனு போனது. இந்தத் தடவை அந்தப் புண்ணியவான் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: சிடி தட்டின் முகப்பிலேயே ஒரு சின்ன ஓட்டை இருந்தால், ஹெட்போனை அதில் சொருகிப் பாருங்கள்.

இருந்தது. தூசி அடைத்துக்கொண்டு, பக்கத்தில் குட்டியாக ஒரு திருகு சக்கரத்தோடு. அண்ணி அதைத் துடைத்தார், சொருகினார், பாட்டை ஓட்டினார். ஹெட்போனைக் கையில் எடுத்தவர் தன் காதில் வைக்காமல் என்னிடம் நீட்டினார்.

"நீ முதல்ல கேளு. நல்லா இல்லன்னா சொல்லிடு. நான் கேக்கவே வேண்டாம்."

காதில் வைத்தேன். ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். நிறைந்த குரல். இழுக்க வேண்டிய இடத்தில் அவசரமில்லாமல் இழுத்தது, ஏற வேண்டிய இடத்தில் திணறாமல் ஏறியது. இத்தனை நாளும் இந்தக் குரலுக்குப் பதிலாகவா நான் மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்? வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு வாய் எழவில்லை.

அண்ணி என் மௌனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டார். பரவாயில்லை, நிறுத்திவிடலாம் என்பதுபோல் கையை நீட்டினார். அந்தக் கையில் ஹெட்போனை வைத்து, பாட்டை முதலிலிருந்து ஓட்டினேன்.

அவர் கடைசிவரை கேட்டார். கண்ணை மூடவில்லை; தட்டின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் கைதட்டல் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் தலையைக் குனிந்தார்.

"அவங்க சும்மா சொல்லல" என்றார்.

ஸ்பீக்கரில் சத்தம் வராத காரணம் அப்புறம் தெரிந்தது. தட்டிலிருந்து கணினியின் ஒலி அட்டைக்கு ஒரு மெல்லிய வயர் போக வேண்டுமாம். அந்தப் பெட்டியில் அது இல்லவே இல்லை. நாங்கள் போட்ட ஒவ்வொரு தடவையும் அண்ணி உள்ளே பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே வரத்தான் வழியில்லை. அந்த வயருக்குக் காத்திருக்காமல், பாட்டை எண்களாகப் படித்து வேறு வழியில் அனுப்பும்படி மென்பொருளில் ஒரு அமைப்பை மாற்றச் சொன்னார் அந்த முகம் தெரியாதவர். அண்ணி அந்த ஒன்றை மட்டும் மாற்றினார். ஸ்பீக்கர் வழியாகப் பாட்டு அறை முழுக்க நிறைந்தது.

மகள் வேலை முடிந்து வந்த நேரம் அது. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு அத்தை பாடுறது?" என்று என்னைக் கேட்டாள். இந்த வீட்டில் எதையும் என்னைக் கேட்டுத்தானே பழக்கம்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டை அழுத்தினார். எழுந்து வாசலுக்குப் போய், பாட்டை நிறுத்தாமலே, மகளின் காதருகே குனிந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மகள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, அம்மாவின் கழுத்தில் அறுவை சிகிச்சைத் தழும்பு இருக்கும் இடத்தில் மெதுவாக வைத்தாள். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.