மூன்றாம் தொட்டி நாச்சம்மாள்

"வாங்கடி, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வெந்நீர்த் தொட்டிக்குள் கையை விட்டு, மிதக்கும் பட்டுக்கூடுகளின் இழைநுனியைப் பிடிக்கிறாள் நாச்சம்மாள். ஏழெட்டுக் கூடுகளின் இழைகள் அவள் விரலிடுக்கில் ஒன்றாகி ராட்டையில் ஏறுகின்றன. ஒரு கூடு தீர்ந்தால் நூல் மெலியும். கண்ணுக்குத் தெரியாது, அவள் விரலுக்குத் தெரியும். உடனே அடுத்த கூட்டைச் சேர்ப்பாள்.

மண்டி மொகல்லாப் பேட்டையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. ஹனூரிலிருந்து வந்தவள், நாற்பது வயது. கல்யாண வீட்டில் இவளைக் கண்டால் பெண்களுக்குக் கொஞ்சம் பயம். புதுப்புடவையின் முந்தானையை உரசிப் பார்த்து, "இது மழ மாசத்து நூலுங்க, மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

பட்டாலையில் அவளுடையது மூன்றாம் தொட்டி, நான்காவது மாதம்மாவுடையது. ஒருத்தியின் இழை அறுந்தால் மற்றவள் எட்டிச் சேர்த்துவிடுவாள். நடுவே ஊர்க்கதை ஓடும்.

போன தசராவுக்குப் பிறகு, சரிகைத் தலைப்பாகையுடன் பசவராஜ் என்ற புது மேஸ்திரி, கன்னடக்காரர், வந்தார். கெட்டவர் அல்ல; ஒழுங்குப் பிரியர். பேச்சு கூடாது, தினமும் தொட்டி மாறி உட்கார வேண்டும், அவர் விசில் ஊதும்போதுதான் புதுக்கூடு சேர்க்க வேண்டும் என்றார். கூலி குறையவில்லை, வேலையும் சுலபம். ஆனால் நாச்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் ஜடையன்மேல் எரிந்து விழுந்தாள். டாக்டர் நோய் ஒன்றுமில்லை என்று சொல்லி, சிவப்பு மருந்து கொடுத்தார்.

"உடம்புக்கு என்னம்மா?" என்றேன்.

"கை மட்டும் வேலைக்குப் போயிட்டு வருதுங்க. நான் ஊட்டுலயே கெடக்கறனாட்ட இருக்குது."

ஒரு நாள் விசில் ஊதியும் அவள் கூட்டைத் தொடவில்லை. எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரு வாரம் எங்க கைக்கு உட்டுப் பாருங்க. நூலு கெட்டுப்போச்சுன்னா என்னைய நிறுத்திப் போடுங்க."

நூல் முன்னைவிட அதிகம் அறுகிறது என்பது பசவராஜுக்கும் தெரியும். தாடையைச் சொறிந்தார். "ஆயித்தம்மா, சரி. ஒந்தே வாரம், ஒரே வாரம்."

நாச்சம்மாளும் மாதம்மாவும் பழைய தொட்டிகளுக்கே வந்தார்கள். "ரெண்டாந்தரம் சோறு கேக்கறாளுங்க" என்று ஜடையன் என்னிடம் அதிசயப்பட்டான். வசவு விழாததில் அவனுக்குத்தான் பொழுது போகவில்லை.

சனிக்கிழமை, நூலைச் சோதித்துப் பார்த்த பசவராஜ் நேரே மூன்றாம் தொட்டிக்கு வந்தார்.

"ஒரே சீரா சென்னாகிதே, நல்லா இருக்கு, நாச்சம்மா. மெலியறது உனக்கு மட்டும் ஹேகே, எப்படித் தெரியுது?"

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சம்மாள் காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து, அவரும் உட்கார்ந்து நூலைத் தொட்டுப் பார்க்கத் தோதாகத் தன் தொட்டியோரம் நகர்த்தி வைத்தாள்.